சிவானந்தம் யாருடைய போலீஸ்?

ஊர் ஊராகத் திரைப்படச் சங்கம் நடத்தி, பழைய படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிட்டுவரும் நண்பர்களுக்கு,



'அந்த நாள்' படத்தை நீங்கள் எவ்வளவு ஆசையோடு திரையிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கான அறிமுக உரை அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1954-ல் வந்தது, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம், குரோசாவாவின் 'ராஷோமோன்' வழியில் ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்வது, கதாநாயகன் சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுவது, மாருதி ராவின் நிழலும் வெளிச்சமும். அத்தனையும் சரி. படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு நடக்கிற பேச்சும் இதையே சுற்றிவந்து முடிந்துவிடுகிறது. யார் கொன்றது, எப்படிக் கொன்றது, எந்த இடத்தில் நமக்குத் தெரிந்தது என்பதோடு சரி. ராஜன் செய்தது யாருக்கு எதிரான குற்றம் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எழுபது வருடமாகப் பார்க்காமல் தள்ளிப்போட்டவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

ராஜன் ரேடியோ என்ஜினியர். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில், தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். அக்கம்பக்கத்துச் சின்னையா பிள்ளை போலீசுக்குச் சொல்கிறார். உள்ளூர் இன்ஸ்பெக்டர் புருஷோத்தம நாயுடு வருகிறார். பின்னால் சி.ஐ.டி. சிவானந்தம் வருகிறார். இந்த வேடத்தில் நடித்தவர் ஜாவர் சீதாராமன். படத்தின் வசனத்தை எழுதியவரும் அவரேதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கிறவரின் நாவும் எழுதியவரின் நாவும் ஒன்று. ராஜனின் தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பிலிருந்த நாட்டியக்காரி அம்புஜம், பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆளுக்கொருவரைக் கை காட்டுகிறார்கள். கடைசியில் மனைவி உஷா பேசுகிறாள். ராஜன் ஜப்பானியருக்கு ரகசியங்களை விற்ற உளவாளி. அவன் உயிரைக் குடித்த குண்டு அவள் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து வந்தது.

அவன் தேசத்துரோகி, அவள் தேசபக்தை. படம் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்துவிடுகிறோம்.

இப்போது காலண்டரைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையின் மீது குண்டு விழுந்தது 1943 அக்டோபர் 11 இரவு. சேதம் பெரிதில்லை. ஆனால் நகரம் ஏற்கெனவே ஒருமுறை பீதியில் காலியான நகரம். 1942 ஏப்ரலில், ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்து விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்த பிறகு, அரசாங்கமே ஜனங்களை வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். படத்தின் இருட்டுக்கும் பதற்றத்துக்கும் பின்னால் இந்த நிஜ பயம் இருக்கிறது. 1954-ல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்த நாட்களில் மூட்டை கட்டிக்கொண்டு கிராமத்துக்கு ஓடியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது பழங்கதை இல்லை, பன்னிரண்டு வருடம் முன்னால் நடந்த ஒன்று.

அந்தக் குண்டு விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10 அன்று, அதே சென்னையின் மத்திய சிறையில் வக்கம் அப்துல் காதரையும் அவருடைய தோழர்களையும் தூக்கில் போட்டார்கள். காதர் திருவிதாங்கூர்க்காரர், பிழைப்புத் தேடி மலாயா போனவர். அங்கே இந்திய விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கியில் ஏறி 1942 செப்டம்பரில் மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினார்கள். இறங்கிய கையோடு பிடிபட்டார்கள். போர்க்காலச் சட்டப்படி விசாரணை, பிறகு தூக்கு. ஜப்பானிய உதவியோடு வந்து, இங்கிருந்து தகவல் அனுப்பத் திட்டமிட்டவர்கள் என்பதுதான் குற்றம். இன்று அவர் தியாகி. 1998-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

குண்டு விழுந்த நாளிலிருந்து பத்தாவது நாள், அக்டோபர் 21, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். ஜப்பான் அவருடைய கூட்டாளி. அவருடைய ஐ.என்.ஏ. படையில் மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஜான்சி ராணிப் படைப் பெண்களிலும் பெரும்பகுதி அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள். அந்தப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதன் சென்னையின் காங்கிரஸ் பிரமுகர். (நம் சங்கத்துக்காரர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: சத்யஜித் ராய் தலைவராக இருந்தபோது இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் துணைத்தலைவராக இருந்தவர் இதே அம்மு சுவாமிநாதன்.)

ஆக, செப்டம்பர் 10-க்கும் அக்டோபர் 21-க்கும் நடுவில் வருகிறது 'அந்த நாள்'. இதை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தால் சிவானந்தம் உறுத்த ஆரம்பிக்கிறார். 1943-ல் சென்னையில் ஒரு சி.ஐ.டி. அதிகாரி யாரிடம் சம்பளம் வாங்கினார்? மாகாணத்தில் மந்திரிசபை இல்லை. 1939-ல் ராஜாஜி ராஜினாமா செய்ததிலிருந்து கவர்னர் ஆட்சி. 1942 ஆகஸ்டுக்குப் பிறகு காங்கிரஸ் தலைவர்கள் சிறையில். அந்த வருடங்களில் சி.ஐ.டி. என்றால் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காரர்களை மோப்பம் பிடிக்கிற ஆள் என்றுதான் சாதாரண ஜனங்களுக்கு அர்த்தம். கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தவர்களைத் தேடியது இந்தப் போலீஸ்தான். போருக்கான விமான தளத்தைக் கொளுத்துவது சர்க்காரின் பார்வையில் ராஜன் செய்ததைவிடச் சின்னக் குற்றமா? சுதந்திரத்துக்குப் பிறகு சூலூர்க்காரர்கள் தியாகிகள் பட்டியலில் இருக்கிறார்கள். ராஜன் காட்டிக்கொடுத்த அரசாங்கமும் சூலூர்க்காரர்கள் எரித்த அரசாங்கமும் ஒன்றுதான்: ஐந்தாம் ஜார்ஜின் மகன் ஆறாம் ஜார்ஜின் அரசாங்கம்.

படம் இந்த முடிச்சை எப்படிச் சமாளிக்கிறது என்பது கெட்டிக்காரத்தனமானது. ராஜன் இயக்கத்து ஆள் இல்லை, ஐ.என்.ஏ. இல்லை. அவன் கண்டுபிடிப்பை இங்கே அதிகாரிகள் மதிக்கவில்லை, ஜப்பான் மதித்தது, அந்தக் காயத்தில் சோரம் போனவன். கொள்கைக்காகச் செய்யாதவன் ஆனதால் அவனைத் துரோகி என்பது சுலபமாகிவிடுகிறது. பணமும் பெண்தொடர்பும் சேர்ந்துகொண்டதும் சந்தேகத்துக்கே இடமில்லை. மேலதிகாரி, மாதச் சம்பளம், தொப்பியில் முத்திரை என்று எதையும் வெளியே துருத்தவிடாமல் சிவானந்தத்தை 1954-ன் சுதந்திர இந்திய அதிகாரி மாதிரியே நடமாடவிட்டிருக்கிறார்கள். 1943-க்குள் ஒரு சுதந்திரப் போலீஸ்காரரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இதைச் சொன்னவுடனே உஷாவை வெள்ளைக்காரன் பக்கம் நின்றவள் என்று நான் திட்டுவதாக எண்ண வேண்டாம். ஜப்பானை எதிர்ப்பது 1943-ல் ஒரு நேர்மையான தேசிய நிலைப்பாடு. நேருவே அப்படித்தான் நினைத்தார். ஜப்பான் உள்ளே வந்தால் எதிர்த்து நிற்பேன் என்ற மனநிலை அவருக்கு. ஹிட்லரின் கூட்டாளி விடுதலை வாங்கித் தரமாட்டான் என்று கம்யூனிஸ்டுகள் மேடை போட்டுச் சொன்னார்கள். சயாம் மரண ரயில்பாதையில் தமிழ்க் கூலிகளைப் பல்லாயிரக்கணக்கில் சாகடித்தது ஜப்பான் ராணுவம். அதுவும் அதே 1943-ல் நடந்தது. உஷாவுக்கு நியாயம் உண்டு. காதருக்கும் நியாயம் உண்டு. ஒரே நகரத்தில், ஒரு மாத இடைவெளியில் இந்த இரண்டு நியாயமும் முட்டிக்கொண்டு நின்றதுதான் 1943. அந்த முட்டலை எடுத்துவிட்டு, குண்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டது படம்.

ராஷோமோன் ஒப்பீடு எனக்கு ஒத்துவராமல் போவது இங்கேதான். குரோசாவா படத்தில் செத்தவனும் ஆவி இறங்கியவள் வழியாகச் சாட்சி சொல்கிறான். கடைசியில் விறகுவெட்டி சொல்வது உண்மை என்று நாம் நிம்மதியடையப் போகும்போது அவனும் ஒரு கத்தியைத் திருடியவன் என்று தெரிந்துவிடுகிறது. எந்தச் சொல்லும் முழுசாக நிற்பதில்லை. 'அந்த நாள்' நான்கு பேர் பேச்சை இதே அவநம்பிக்கையோடு கேட்கிறது. பட்டாபிக்குச் சொத்தில் ஆசை, ஹேமாவுக்கு ஆத்திரம், பிள்ளைக்கு ஒரு கணக்கு, அம்புஜத்துக்கு ஒரு கணக்கு. ஐந்தாவதாக உஷா வாய் திறந்ததும் கேமரா பக்தியோடு கைகட்டி நின்றுவிடுகிறது. ராஜன் ஏன் ஜப்பான் பக்கம் போனான், என்ன நினைத்தான் என்பதெல்லாம் நமக்கு உஷா சொல்லித்தான் தெரியும். கொலை செய்தவளின் வாக்குமூலம் ஒன்றுதான் கொல்லப்பட்டவனின் அரசியலுக்கு ஆதாரம்! ஒரு சாதாரணத் துப்பறியும் கதையில் இப்படி வந்தால் நீங்களே விசில் அடித்துக் கேலி செய்வீர்கள். இதை யாரும் கவனிக்காமல் போனதற்குக் காரணம், அவள் தேசத்தின் பேரால் பேசுகிறாள். சொத்து, காமம், பொறாமை வரைக்கும் உண்மை பலமுகம் கொண்டது. தேசம் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரே முகம். இந்த இடத்தோடு பாலசந்தர் குரோசாவாவிடமிருந்து விடைபெற்றுக்கொள்கிறார். குறையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1954-ல் ஒரு தமிழ்ப் படம் எதைச் சந்தேகிக்கலாம், எதைச் சந்தேகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

உஷாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்லூரியில் படித்தவள், காதலித்து மணந்தவள், அந்த வீட்டில் அரசியல் என்று ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிற ஒரே ஆள். கணவனுக்காக மதுரையை எரித்தவளைத் தெய்வமாக்கிய நாட்டில், ஊருக்காகக் கணவனைப் பலிகொடுத்தவளைக் கதாநாயகியாக்கியது சாதாரணத் துணிச்சல் இல்லை. மெஹ்பூப் கானின் 'மதர் இந்தியா'வில் நர்கீஸ் தன் பிள்ளையைச் சுடுவதற்கு மூன்று வருடம் முன்பே இது நடந்துவிட்டது. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு விலை வாங்கிக்கொண்டுதான் படம் அனுமதி தருகிறது. தாலியைவிடப் பெரியது என்று சொல்ல இன்னொரு புனிதத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கூத்திக்கு நகை செய்து போட்டான், பொய் சொன்னான் என்பதற்காக ஒரு மனைவி துப்பாக்கி தூக்கியிருந்தால் அன்றைக்குக் கொட்டகை நாற்காலி மிஞ்சியிருக்காது.

அம்புஜத்தைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசுவதே இல்லை. நாட்டியக்காரி, வைப்பாட்டி, அந்தக் காலப் படங்களில் இப்படிப்பட்டவள் மினுக்கிக்கொண்டு வந்து குடும்பத்தைக் கெடுத்துவிட்டுப் போவாள். இங்கே அவளுக்கும் மற்றவர்களைப் போல் சாட்சிக் கூண்டு கிடைக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. கதை நடப்பது அதற்கு முன், படம் வந்தது அதற்குப் பின். நாட்டியமாடும் பெண்ணை என்ன செய்வது என்று ஊரே குழம்பிக்கொண்டிருந்த காலம். அவளைச் சந்தேகிக்கவாவது படம் அவளைப் பேசவிடுகிறது. பலர் வாயால் கதை சொல்கிற வடிவத்துக்கு இப்படி ஒரு ஜனநாயகக் குணம் உண்டு, இயக்குநர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

பெயர்களையும் கவனியுங்கள். உள்ளூர் இன்ஸ்பெக்டர் நாயுடு, பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளை. இருவரும் சற்றே சிரிப்புக்குரியவர்கள். மேலிடத்திலிருந்து வருகிற சிவானந்தத்துக்கு மட்டும் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஜாதி வால் தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் சொந்தம். மூளைக்கும் அதிகாரத்துக்கும் வால் கிடையாது. திட்டம் போட்டு எழுதினார்களோ இல்லையோ, சுதந்திர இந்தியா தன்னைப் பற்றிக் கண்ட கனவு அந்த மூன்று பெயர்களில் இருக்கிறது. அந்தக் கனவில் துறைமுகக் கூலிகள் யாரும் பெரிதாக இல்லை. ஜப்பான் விமானம் குறிவைத்தது துறைமுகப் பக்கத்தை. படத்தின் அக்கறை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சொத்துப் பங்கீடு.

இனி 1954-க்கு வருவோம். 'அந்த நாள்' எடுத்த இதே ஏவி.எம். பங்குகொண்டு, இதே சிவாஜியும் பண்டரிபாயும் நடித்து, 1952-ல் வந்தது 'பராசக்தி'. அதுவும் உலகப்போர்க் காலக் கதை; ரங்கூனில் ஆரம்பிப்பது. அதில் சிவாஜி நீதிமன்றத்தில் நின்று சமுதாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். படத்தைத் தடை செய்யச் சொல்லிக் கூக்குரல் எழுந்தது. இரண்டே வருடத்தில் அதே முகத்தை எடுத்து, பேசவே விடாமல் முதல் காட்சியில் சுட்டுக் கீழே தள்ளி, கடைசியில் தேசத்துரோகி என்று தீர்ப்பு எழுதுகிறது 'அந்த நாள்'. திராவிட நாடு கோரிக்கை மேடைதோறும் முழங்கிய காலம் அது. 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்து போய், மாகாணத்தின் எல்லையே மாறியிருந்தது. எது தேசம் என்பது சென்னையில் தெருச் சண்டையாக இருந்த நேரத்தில் வந்த தேசபக்திப் படம் இது. ஏவி.எம். முதலாளி மெய்யப்பச் செட்டியார் இதையெல்லாம் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வியாபாரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தவர். படம் வெளியான 1954 ஏப்ரல் 13 அன்றுதான் காமராஜர் முதலமைச்சராகப் பதவியேற்றார். இது வெறும் தற்செயல். ஆனால் அந்தக் காற்றுக்கு ஒரு தேதி வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. மத்திய அரசும் அந்த வருடத் தேசிய விருதில் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தது.

உங்களில் பலர் இப்போது சொந்தமாகத் திரைக்கதை எழுதுகிறீர்கள். அந்தக் காலத்துத் துப்பறியும் கதைக்கு ஓடிடிக்காரர்களிடம் கிராக்கி இருக்கிறது என்றும் கேள்விப்படுகிறேன். ட்ராம் வண்டி, கோட்டு, காங்கிரஸ் குல்லா, மஞ்சள் வெளிச்சம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் துப்பறிவாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார், அவர் கையில் இருக்கிற சட்டப் புத்தகத்தை எழுதியது யார் என்பதை மட்டும் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். 2015-ல் திபாகர் பானர்ஜி 'டிடெக்டிவ் வியோம்கேஷ் பக்ஷி!' எடுத்தார். அதுவும் 1943, கல்கத்தா, ஜப்பான் வருகிற பயம். வியோம்கேஷ் அரசாங்க ஆள் இல்லை, தனி ஆள். அதனால் யார் பக்கமும் சேராமல் நிற்க அவருக்கு இடம் கிடைக்கிறது. இருந்தும் அந்த வருடத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள் என்பது அந்தப் படத்தின் பளபளப்பான தெருக்களில் தெரிவதில்லை. எழுபது வருடம் கழித்து, வெள்ளைக்காரன் இல்லாத நாட்டில், ஒரு புத்திசாலி இயக்குநர் எடுத்தும் நிலைமை இது. பாலசந்தரை மட்டும் பிடித்துக்கொண்டு நான் சண்டை போடுவதாக நினைக்காமல் இருக்கத்தான் இதைச் சொன்னேன்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்தமுறை 'அந்த நாள்' போடும்போது முந்தைய வாரம் 'பராசக்தி'யைப் போடுங்கள். அறிமுக உரையில் ராஷோமோனைக் குறைத்து, சென்னை மத்திய சிறையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மலாயாவிலிருந்து திரும்பிய ஐ.என்.ஏ. குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். தென்மாவட்டங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. படம் முடிந்ததும் கொலையாளியை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, ராஜன் நேதாஜியின் ஆளாக இருந்து அதே இரவில் உஷாவின் குண்டுக்குச் செத்திருந்தால் அவளை என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். கூட்டம் சீக்கிரம் கலையாது. டீ கொஞ்சம் கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கிற உங்கள் நண்பன்